சிறுதேரும் போர்த்தேரும்

பெரியதைச் சிறிதாக்கிக் கையில் எடுத்துப் பார்க்கும் ஆசை மனிதனோடு உடன்பிறந்தது. வானளாவும் கோபுரத்தை ஒரு சாண் உயரத்தில் வடித்து வீட்டில் வைக்கிறோம். கொலுப்படிகளில் ஓர் ஊரையே அடக்கிக் காட்டுகிறோம். காவிரிப்பூம்பட்டினத்தின் செல்வச் செழிப்பைப் பாட வந்த பட்டினப்பாலை, குதிரை பூட்டாமல் சிறுவர்கள் உருட்டி விளையாடிய மூன்று சக்கரத் தேரை நமக்குக் காட்டுகிறது. பிற்காலத்துப் பிள்ளைத்தமிழ் நூல்கள் ஆண் குழந்தைக்குரிய பருவங்களுள் ஒன்றாகச் சிறுதேர்ப் பருவத்தை வைத்துப் போற்றின. தேர் என்பது அந்நாளில் விழா ஊர்தி மட்டும் அன்று. யானை, குதிரை, காலாள் ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட நால்வகைப் படைகளுள் ஒன்று. போர்க்களத்து ஊர்தியின் சிற்றுருவைப் பிள்ளையின் கையில் கொடுத்து மகிழ்ந்தவர்கள்தாம் நம் முன்னோர்.

அந்தத் தேரின் இடத்தை இருபதாம் நூற்றாண்டில் டாங்கி பிடித்துக்கொண்டது. தில்லி, மும்பை, கொல்கத்தா, பெங்களூரு போன்ற நகரங்களில் வாழும் நம் குடும்பங்களில், விடுமுறை நாட்களில் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி டாங்கிகளின் மாதிரி உருக்களைச் செய்யும் பிள்ளைகள் உண்டு. அலுவலகத்திலிருந்து திரும்பியதும் மேசை விளக்கின் கீழ் இதே வேலையில் ஆழ்ந்துவிடும் பெரியவர்களும் உண்டு. 35இல் ஒரு பங்கு என்ற அளவே இக்கலையில் மிகவும் பரவலானது. ஜப்பானில் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் ஜெர்மானியப் பாந்தர் டாங்கியின் மாதிரியை மோட்டாருடன் வெளியிட்டது. உள்ளே மின்கலங்கள் அடங்க வேண்டும் என்பதற்காக உடற்பகுதியின் அளவை அமைத்தார்கள். பின்னர் அளந்து பார்த்தபோது அது ஏறத்தாழ 35இல் ஒரு பங்காக இருந்தது. மின்கலத்தின் பருமனை ஒட்டிப் பிறந்த அளவு, நாளடைவில் உலகம் ஏற்றுக்கொண்ட அளவாயிற்று.

இக்கலையில் ஒரு தனிக்கிளை உண்டு. இருக்கின்ற டாங்கியை அப்படியே படியெடுப்பதோடு நிறைவு கொள்ளாதவர்கள், இல்லாத டாங்கியை உருவாக்குகிறார்கள். ஒன்றின் உடற்பகுதியையும் வேறொன்றின் சுழல்கூண்டையும் இணைக்கிறார்கள். பிளாஸ்டிக் தகட்டை அறுத்துப் புதிய கவசம் பொருத்துகிறார்கள். செம்புக் கம்பியை வளைத்து, வானிலிருந்து வரும் சிறு ஆளில்லா விமானங்களைத் தடுக்கும் கூரை அமைக்கிறார்கள். “இத்திட்டம் கைவிடப்படாமல் இருந்திருந்தால்?” என்பது அவர்களுள் சிலருடைய கேள்வி. “இன்னும் இருபது ஆண்டுகளில் வரப்போவது எப்படி இருக்கும்?” என்பது வேறு சிலருடைய கேள்வி. இவ்வாறு தோன்றும் கற்பனை டாங்கியைப் பற்றியே இங்கு நாம் எண்ணிப் பார்க்க விரும்புகிறோம்.

கொல்லும் கருவியைக் கலைப்பொருளாக்கி மகிழ்வது அறமா? இக்கேள்விக்கு இரு தரப்பிலும் விடை கூறுவோர் உளர். “படைக்கலத்தின் சாயலைக்கூட வீட்டுக்குள் விடலாகாது, அது மனத்தில் வன்மையை வளர்க்கும்” என்பர் ஒரு சாரார். “உண்மை டாங்கியின் மாதிரியிலாவது குருதிக்கறை உண்டு, கற்பனை டாங்கி எந்த உயிரையும் கொன்றதில்லை. அது காகிதத்தில் வரைந்த புலி; அதைக் கண்டு அஞ்சுவது ஏன்?” என்பர் மறுசாரார்.

இரண்டாம் தரப்பின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. பாட்டன் டாங்கியின் மாதிரியைச் செய்து வைத்தால், 1965ஆம் ஆண்டு செப்டம்பரில் பஞ்சாபின் கேம்கரனுக்கு அருகே அசல் உத்தரில் நடந்த கடும்போர் நினைவுக்கு வருகிறது. செஞ்சூரியன் டாங்கியின் மாதிரியைச் செய்து வைத்தால், 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றுப் போரில் எரியும் டாங்கியை விட்டு இறங்க மறுத்து உயிர்நீத்த அருண் கேத்ரபாலின் இளமுகம் நினைவுக்கு வருகிறது. ஆனால் அமெரிக்காவும் மேற்கு ஜெர்மனியும் 1960களில் கூட்டாகத் தொடங்கிப் பின்னர்க் கைவிட்ட எம்.பி.டி.-70 என்னும் டாங்கியோ, எந்தப் போர்க்களத்தையும் கண்டதில்லை. நம் ஆவடியில், டி-72 டாங்கியின் உடற்பகுதி மீது அர்ஜுன் டாங்கியின் சுழல்கூண்டைப் பொருத்தி ஒரு டாங்கியை உருவாக்கினார்கள். ‘டாங்க் இ.எக்ஸ்.’ எனப்பட்ட அது முன்மாதிரி நிலையைத் தாண்டவில்லை. நம் படை அதை ஏற்கவில்லை. இத்தகையவற்றின் சிற்றுருவைச் செய்பவன் யாருடைய துயரத்தையும் விளையாட்டாக்கவில்லை என்பது உண்மையே.

எனினும் கற்பனை என்பதாலேயே ஒன்று குற்றமற்றதாகிவிடுமா? டாங்கியே முதலில் கற்பனையாகத்தான் பிறந்தது என்பதை இங்கு நினைவுகூர வேண்டும். ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், 1903ஆம் ஆண்டு டிசம்பரில் ‘ஸ்டிராண்ட்’ இதழில் ஒரு கதை வெளியிட்டார். அகழிகளைக் கடந்து ஊர்ந்து வரும் இரும்புப் போர் ஊர்திகளை அக்கதையில் படைத்துக் காட்டினார். பதின்மூன்று ஆண்டுகள் கூட நிறையவில்லை. 1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சில் சோம் ஆற்றுப் பகுதியில், பிரிட்டிஷ் டாங்கிகள் முதன்முறையாகப் போர்க்களத்தில் இறங்கின. இரகசியம் காப்பதற்காக அவற்றை ‘நீர்த்தொட்டி’ என்னும் பொருள்பட அழைத்தார்கள். டாங்கி என்ற பெயரே அந்த மறைப்பிலிருந்து பிறந்ததுதான். நேற்றைய கற்பனை இன்று இரும்பாகிறது. இரும்பானபின் தன் உண்மைப் பெயரைச் சொல்லவும் கூசுகிறது.

அதே வெல்ஸ், 1913இல் பொம்மைப் படைவீரர்களை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து ஒரு நூல் எழுதினார் என்பது வியப்பான செய்தி. அதன் இறுதியில், இவ்விளையாட்டைச் சில முறை ஆடிப் பார்த்தவர்கள், உண்மைப் போர் எவ்வளவு பெரிய மடமை என்பதை உணர்வார்கள் என்ற கருத்தை அவர் வற்புறுத்தினார். அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் மூண்டது. பொம்மைப் போர் பெரும்போரைத் தடுக்கவில்லை. பெரும்போரை மூட்டவும் இல்லை. ஆதலால் மேசைமீது ஒரு பிள்ளை செய்யும் மாதிரியினால் உலகில் போர் பெருகும் என்று கூறுவது மிகை. ஆபத்து அங்கே இல்லை. அப்படியானால் எங்கே இருக்கிறது?

அது சிறுமை தரும் மயக்கத்தில் இருக்கிறது என்று நாம் கருதுகிறோம். ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். நம் படையில் 2004இல் சேர்க்கப்பட்ட அர்ஜுன் டாங்கியின் எடை 58.5 டன். பீரங்கிக் குழலையும் சேர்த்து அதன் நீளம் பத்தரை மீட்டருக்குச் சற்று மிகுதி. 35இல் ஒரு பங்காக்கினால் நீளம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். பள்ளிப் பிள்ளையின் அளவுகோல் ஒன்றின் நீளமே. ஆனால் எடை 35இல் ஒரு பங்காகக் குறைவதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் குறைவதால், அதே பொருளால் செய்தால் எடை 42,875இல் ஒரு பங்காகிவிடும். அஃதாவது 1.36 கிலோகிராம். பிளாஸ்டிக்கில் செய்தால் அதனினும் குறைவு. ஒரு பாலத்தையே நடுங்கச் செய்யும் பொருள், ஒரு குழந்தையின் உள்ளங்கையில் அமர்ந்துவிடுகிறது.

எடை மட்டுமா குறைகிறது? இயந்திரத்தின் இரைச்சல் மறைகிறது. கோடைகாலத்து ராஜஸ்தான் பாலையில் இரும்புப் பெட்டிக்குள் அடைபட்டிருக்கும் வெப்பம் மறைகிறது. எண்ணெய் நாற்றமும் வெடிமருந்துப் புகையும் மறைகின்றன. ஐந்தே முக்கால் அடி உயர மனிதன், ஐந்து சென்டிமீட்டர் பொம்மையாகிறான். பெரும்பாலும் அந்தப் பொம்மைகூட இருப்பதில்லை. மூடிகள் எல்லாம் ஒட்டப்பட்டு, உள்ளே வெறும் இருள் மட்டும் இருக்கிறது. கண்ணுக்கு எஞ்சுவது கவசத்தின் கோணமும் வண்ணத்தின் நயமும் குழலின் கம்பீரமுமே. சிறிதாக்கும்போது முதலில் காணாமற் போகிறவன் மனிதன்.

இங்கேதான் கற்பனை டாங்கி நம் கருத்தைக் கவர்கிறது. உண்மை டாங்கியின் மாதிரியைச் செய்பவன் படியெடுப்பவன். வேறு யாரோ எடுத்த முடிவுகளை அவன் நேர்மையாகப் பின்பற்றுகிறான்; அவற்றுக்கு அவன் பொறுப்பாளி அல்லன். கற்பனை டாங்கியைச் செய்பவனோ முடிவெடுப்பவன். ஓட்டுநரை எங்கே அமர்த்துவது, குண்டுகளை எங்கே அடுக்குவது, இயந்திரத்தை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா என்பனவெல்லாம் அவனுடைய விருப்பம். தேர்வு உள்ள இடத்தில் பொறுப்பும் உண்டு. ஆகவே, குற்றமற்றது என்று கருதப்பட்ட கற்பனை டாங்கியிலேதான் அறத்தின் கேள்வி தொடங்குகிறது.

டாங்கியை வடிவமைப்பதில் ஒவ்வொரு கோடும் ஓர் அறமுடிவு என்பது மிகையன்று. சோவியத் ஒன்றியத்தில் உருவாகி, நம் ஆவடியிலும் ‘அஜேயா’ என்ற பெயரில் கட்டப்பட்ட டி-72 டாங்கியை எடுத்துக்கொள்வோம். குண்டை எடுத்துக் குழலில் இடும் வேலையைப் பொறியே செய்வதால், நான்காவது வீரர் தேவையில்லை, மூவர் போதும். உருவமும் தாழ்வாக அமைகிறது. எதிரியின் குறிக்கு எளிதில் சிக்குவதில்லை. ஆனால் அதற்குரிய குண்டுகளும் வெடிமருந்தும் சுழல்கூண்டின் அடித்தளத்தில், வீரர்களின் காலடியிலேயே வட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. கவசம் துளைக்கப்பட்டு அவை தீப்பற்றினால், சுழல்கூண்டே தூக்கி எறியப்படுகிறது. 1991ஆம் ஆண்டு வளைகுடாப் போரிலும், 2022 முதல் உக்ரைன் மண்ணிலும் இக்கொடுமையை உலகம் கண்டது.

இதற்கு மாறான முடிவுகளும் உண்டு. இஸ்ரேல் 1979இல் படையில் சேர்த்த மெர்கவா டாங்கியில் இயந்திரம் முன்பகுதியில் வைக்கப்பட்டது. வரும் குண்டு முதலில் இயந்திரத்தைத் தாக்கட்டும், மனிதன் பிழைக்கட்டும் என்பது அதன் நோக்கம். வெளியேறுவதற்குப் பின்புறம் ஒரு கதவும் அமைத்தார்கள். நம் அர்ஜுனில் குண்டுகள் தனி அறைகளில் வைக்கப்பட்டு, அவை வெடித்தால் அழுத்தம் மேல்நோக்கிச் செல்லும்படித் தகடுகள் பொருத்தப்பட்டன. ரஷியா 2015 மே 9 அணிவகுப்பில் காட்டிய ஆர்மாட்டா டாங்கியில் சுழல்கூண்டில் ஆளே இல்லை. மூவரும் முன்பகுதியில் தனிக் கவச அறையில் அமர்கிறார்கள். உயரம், எடை, விலை, வேகம் ஆகியவற்றோடு மனித உயிரையும் வைத்து நிறுத்துப் பார்த்ததன் விடைகளே இந்த வடிவங்கள். தராசில் எதை எவ்வளவு வைத்தார்கள் என்பதை இரும்பே நமக்குச் சொல்கிறது.

நாம் வசிக்கும் அரசுக் குடியிருப்பில் நடந்த ஒரு நிகழ்ச்சி இங்கே பொருத்தமாகும். பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், எதிர்காலத்து டாங்கி ஒன்றைத் தன் கற்பனையில் செய்து முடித்தான். மிகத் தாழ்வான உடல், மிக நீண்ட குழல், சரிந்த கவசம் என அது பார்ப்பவரை மயக்கியது. கவசப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் அதை வாங்கி நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ரொம்ப அழகா இருக்கு தம்பி. இதிலே டிரைவர் எங்கே உட்காருவார்?”

“இங்கே, தாத்தா.”

“குழல் இப்படித் திரும்பி, அந்த மூடிக்கு மேலே வந்து நின்னுட்டா? வண்டியும் தீப்பிடிச்சிட்டா? அவர் எந்த வழியா வெளியே வருவார்?”

பையன் விடை கூறவில்லை. அடுத்த இரு வாரங்கள் அந்த மாதிரி பிரிக்கப்பட்டுக் கிடந்தது. அடித்தகட்டில் ஒரு வழி வெட்டினான். அதன் வழியே மனிதன் ஊர்ந்து செல்ல வேண்டுமானால் தரைக்கும் வண்டிக்கும் இடையே இடம் வேண்டும்; ஆகவே உடலை உயர்த்தினான். உயர்த்தியதும் குண்டுகளின் இருப்பிடத்தை மாற்ற நேர்ந்தது. அதற்காகச் சுழல்கூண்டின் பின்புறம் நீண்டது. முடிவில் நின்ற டாங்கி முன்னைப்போல் கவர்ச்சியாக இல்லை என்று அவன் நண்பர்கள் கூறினார்கள். பெரியவரிடம் அதைக் காட்டியபோது அவர் ஒன்றும் பேசவில்லை. அடித்தகட்டில் இருந்த அந்தச் சிறு மூடியின்மேல் விரலை வைத்தபடியே சிறிது நேரம் அமர்ந்திருந்தார். எந்தக் களத்தை, எந்தத் தோழனை அவர் எண்ணினார் என்று கேட்க நமக்குத் துணிவில்லை.

அழகு குறைந்த அந்த மாதிரியே உயர்ந்தது என்று நாம் சொல்வோம். முதலில் செய்ததில் இருந்தது பாதிக் கற்பனை. இல்லாத இரும்பைக் கற்பித்த மனம், அதற்குள் இருக்கவேண்டிய மனிதனைக் கற்பிக்கவில்லை. இரண்டாவதில் கற்பனை தன் வழியை இன்னும் சற்றுத் தொலைவு நடந்தது.

புறநானூற்றின் 95ஆம் பாடல் இவ்விடத்தில் நம் நினைவுக்கு வருகிறது. அதியமானுக்காகத் தூது சென்ற ஔவையார், தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் காண்கிறார். அங்குள்ள கருவிகள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவல் மிக்க மனையில் பொலிகின்றன. அதியமானின் வேல்களோ முனை சிதைந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று அவர் குறிப்பாகச் சொல்லி முடிக்கிறார். போரறியாத தொண்டைமானைப் புகழ்வதுபோல் இகழ்ந்தார் என்பது வழக்கமான விளக்கம். ஆயினும் இன்று அப்பாடலைப் படிக்கும்போது வேறோர் எண்ணமும் எழுகிறது. நெய் பூசிய கருவி எந்தக் கதையையும் சொல்வதில்லை. நுனி முறிந்த வேலிலேயே அது பட்ட இடமும், அதைப் பிடித்த கையும், அதை ஏற்ற மார்பும் எழுதப்பட்டிருக்கின்றன. நம் மேசைமீது இருக்கும் மாதிரிகள் எல்லாம் தொண்டைமானின் கொட்டிலைச் சேர்ந்தவை. அவற்றைப் பார்க்கும் கண்ணாவது உலைக்களத்தை அறிந்த கண்ணாக இருக்கவேண்டும் அன்றோ?

இங்கே ஓர் ஐயம் எழலாம். உள்ளே இருக்கும் நம் வீரன் தப்புவதை எண்ணினால் போதுமா? குழல் நீட்டிய திசையில் நிற்பவன் மனிதன் அல்லனா? இது நியாயமான ஐயமே. 1965 போரில் கைப்பற்றப்பட்ட பாட்டன் டாங்கிகள் நாட்டின் பல ஊர்களில் வெற்றிச் சின்னங்களாக நிறுத்தப்பட்டன. பிள்ளைகள் அவற்றின்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதில் தவறு காண வேண்டியதில்லை. நாட்டைக் காத்தவர்களின் வீரத்துக்கு அவை சான்று. எனினும் அந்த இரும்புக்குள்ளும் ஓர் ஓட்டுநர் அமர்ந்திருந்தார்; அவருக்கும் ஒரு மூடி இருந்தது; அவரை எதிர்பார்த்தும் ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. தன் டாங்கியின் ஓட்டுநரை ஒருமுறை உண்மையாக எண்ணிப் பார்த்த பிள்ளைக்கு, எதிரே வரும் டாங்கியின் ஓட்டுநரை எண்ணுவது கடினமாக இராது.

படைக்கலமே வேண்டா என்று போதிக்க நாம் வரவில்லை. எல்லை உள்ள நாட்டுக்குக் காவலும் வேண்டும். 1965இல் விஜயந்தா டாங்கியை உருவாக்கத் தொடங்கிய ஆவடித் தொழிற்சாலையில் உழைத்துக் குடும்பத்தை வளர்த்த தமிழர் பலர். எல்லைப் பாசறைகளில் பணிபுரியும் பிள்ளைகளை உடைய பெற்றோரும் நம் சங்கங்களில் உண்டு. அவர்களுக்கு டாங்கி என்பது விவாதப் பொருள் அன்று; வாழ்க்கை. நல்ல டாங்கி என்பது, மகன் உயிரோடு திரும்பி வரும் டாங்கி என்பதை அவர்களே நமக்குக் கற்பிக்க வல்லவர்கள்.

கருவியைப் படைக்கும் அறிவுக்குத் தானே எல்லை வகுத்துக்கொண்ட ஒருவரை இங்கு எண்ணலாம். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் லியோனார்டோ டா வின்சி, பீரங்கிகள் சூழ்ந்த கவச வண்டி ஒன்றை வரைந்தார். அவர் வரைந்தபடியே பற்சக்கரங்களை அமைத்தால், முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் எதிரெதிராகச் சுழலும், வண்டி நகராது. அது தவறுதலா, வேண்டுமென்றே செய்ததா என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். ஆனால் ஒன்றில் ஐயமில்லை. நீருக்கடியில் நெடுநேரம் தங்கும் முறையைத் தாம் அறிந்திருந்தும், தீயோர் அதைக் கொண்டு கடலடியில் கொலை புரிவர் என்பதால் வெளியிடமாட்டேன் என்று தம் குறிப்பேட்டில் அவர் எழுதி வைத்தார். கற்பனைக்குக் கண்கள் மட்டுமல்ல, மனச்சான்றும் உண்டு என்பதை அக்குறிப்பு மெய்ப்பிக்கிறது.

ஆகவே பெற்றோர்க்கு நாம் கூற விரும்புவது இதுவே. பிள்ளை செய்யும் டாங்கியைப் பிடுங்கி எறியவேண்டா; பிடுங்கினால் ஆசை மறைவிடம் தேடும். “அருமை, அருமை” என்று புகழ்ந்துவிட்டு அப்பால் செல்லவும் வேண்டா. அப்புகழ் அவனைப் பாதி வழியிலேயே நிறுத்திவிடும். அவன் அருகில் அமருங்கள். கேள்விகள் கேளுங்கள். இதற்குள் எத்தனை பேர்? அவர்கள் எங்கே அமர்கிறார்கள்? வெப்பத்தில் என்ன குடிக்கிறார்கள்? தீப்பற்றினால் எப்படி வெளியேறுகிறார்கள்? இது யாருடைய வயல் வழியாகச் செல்கிறது? இதன் குழல் யாரை நோக்கி நிற்கிறது? இந்த ஆறு கேள்விகளுக்கும் விடை தேடுகிற பிள்ளை நல்ல பொறியியலறிஞன் ஆகலாம். நல்ல படைத்தலைவனும் ஆகலாம். எதுவாக ஆயினும் மனிதனை மறவாதவனாக இருப்பான்.

எல்லாவற்றையும் 35இல் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்வோம். இரும்பைக் குறைப்போம், குழலைக் குறைப்போம், சக்கரத்தைக் குறைப்போம். அதற்குள் அமர்ந்திருக்கும் உயிரின் மதிப்பை மட்டும் எந்த அளவுகோலுக்கும் உட்படுத்தாமல் முழு அளவிலேயே வைத்திருப்போம்.